ஊதாவுக்கு என்ன நடந்தது

திருநெல்வேலிச் சந்தையில் விடிய ஆறரைக்கே
கீரைப் பிடிகளுக்குத் தண்ணீர் தெளித்தாயிற்று.
நான் மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவன்.
எதைப் பார்த்தாலும் இலக்கம்தான் முதலில் தெரியும்:
கத்தரி நூற்றி எண்பது, பயிற்றங்காய் இருநூற்றி இருபது,
முருங்கைக்காய்க்கு விலையே கேட்கக்கூடாது, மழை.

ஒரு கடகத்தின் மூலையில்
ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிடாத முகத்தோடு
மண் அப்பிக் கிடந்தது இராசவள்ளிக் கிழங்கு.
விற்கிறவ நேசரத்தினம், ஊர் நீர்வேலி.
நகத்தால் ஒரு முனையைச் சுரண்டிக் காட்டினா.
எந்தச் சேலைக் கடையிலும்
மடித்து வைக்க முடியாத ஊதா.

"கஞ்சிக்கோ?"
இல்லை, கேக்குக்கு.
பக்கத்து வெங்காயக்காரர்
தராசைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.
"கேக்குக்கோ..." என்று இழுத்தா நேசரத்தினம்,
செத்தவீட்டுச் செய்தி கேட்ட குரலில்.
பிறகு ஒரு தேசிக்காயைச் சும்மா பையில் போட்டா,
வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவனுக்குப்
போடுவதுபோல.

எங்கள் வீட்டு அவண் கட்டுக்காசில் வந்தது.
ஏழு மாதமாய் அதற்குள் இருந்தவை:
இடியப்பத் தட்டுகள், கல்யாண ஆல்பம்,
துஷ்யந்தியின் சம்பளத் துண்டுகள்.
சூடாகிற சாமான் ஓடினால் மீற்றர் எப்படிப் பறக்கும் என்று
தெரிந்த ஒருவன் அதைத் தொடமாட்டான்.

இன்று தொட்டேன்.
விசேஷம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை.
அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை,
வர ஒன்பதரையாகும்.

தோல் சீவக் கை கடித்தது. புளித் தண்ணீரில் கழுவினேன்.
அவித்தேன், மசித்தேன், தேங்காய் துருவி முதற்பால் எடுத்தேன்.
முட்டை மூன்று, யூட் அண்ணையின் கோழிகளுடையவை.
மதிலுக்கு இந்தப் பக்கம் இட்டதால்
விலை பேசவில்லை.

பிறகு அப்பச்சோடா.
ஒரு தேக்கரண்டி. கணக்கில் பிழையில்லை.

ஊதா கொஞ்சநேரம் யோசித்தது.
பிறகு நீலமாகி,
பிறகு பாசி பிடித்த கிணற்றுக்கட்டின் நிறமாகி,
கரண்டி போன பாதையெல்லாம்
போய்க்கொண்டேயிருந்தது.

பதினேழு வருடம் ஊரார் வீட்டுச் சுவர்களில்
எவ்வளவு செலவழிந்தது என்று பார்த்து எழுதியவன் நான்.
என்ன மிச்சம் என்று எழுத
என் தாளில் கட்டம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தேசிக்காய்
பையிலிருந்து உருண்டு வந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.
வரவில்லை.
பயத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிழிந்தேன், அவ்வளவுதான்.
நுரைத்துச் சீறியது.
புளி விழுந்த இடங்களில் மட்டும் ஊதா திரும்பிற்று,
கோவித்துக்கொண்டு புறப்பட்டுச்
சந்தி வரைக்கும் போய்விட்டு வருகிற ஒருத்தியைப்போல,
முகம் கொடுக்காமல்.
பாதி வந்தது.
பாதி வரவில்லை.

முக்கால் மணித்தியாலம்.
வெளியே போய் மீற்றரைப் பார்க்கவில்லை.
ஒருமுறை பார்த்தேன்.

துஷ்யந்தி செருப்பைக் கழற்றாமல்
குசினி வாசலில் நின்றாள்.
வெட்டிய துண்டை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து,
அப்படியும் இப்படியும் திருப்பி,
"ஆறு நாள் போன கண்டல்," என்றாள்.
"நடுவிலை ஊதா, கரையிலை பச்சை.
பயப்பிடத் தேவையில்லை, மாறுற காயம்."

நின்றபடியே தின்றாள்.
இன்னொரு துண்டு எடுத்தாள்.
மிஞ்சிய தேங்காய்ப்பாலை அதன்மேல் ஊற்றி,
சீனி தூவி, கரண்டியால் குழைக்கத் தொடங்கினாள்.
கோப்பைக்குள் கேக் மெல்ல மெல்லக்
கஞ்சியாகிக்கொண்டிருந்தது.
நேசரத்தினம் கேட்டது சரிதான்.
நாளைக்குச் சொல்லவேண்டும்.
தேசிக்காய்க்குக் காசு கொடுத்தால்
வாங்கமாட்டா.

வாய் நிறைய ஊதாவோடு துஷ்யந்தி கேட்டாள்:
"அவணை நிப்பாட்டினீங்களோ?"

நிப்பாட்டவில்லை.